நாலு அங்குலக் குழலும் என் அண்ணன் லேலண்டும்

என் அண்ணன் லேலண்ட் பிக்கரலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் அவனைப் புதைக்கிற அன்றைக்கு வந்து கேளுங்கள். சபையில் எழுந்து நின்று நானே சொல்வேன். அன்றைக்குப் பொய் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது அவனுக்கு எழுபத்தைந்து வயது, எனக்கு எழுபது, இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆகையால் உண்மையைச் சொல்கிறேன்.

எங்கள் ஹேலி ஸ்பிரிங்கில் வருஷத்துக்கு மூன்று முறை கண்காட்சி மைதானத்துத் தகரக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கூடும். மிசௌரியின் தென்கோடியிலிருந்தும் ஆர்க்கன்சாவிலிருந்தும் ஆட்கள் பழைய துப்பாக்கிகளைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை போடுவார்கள். கொட்டகையின் மூலையில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் நடத்தும் சமையல் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக நான்தான் பீன்ஸ் குழம்பு கிண்டுகிறேன். அதற்கு நேர் எதிரே, ஓசிக் காப்பி எட்டும் தூரத்தில், ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு லேலண்ட் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மேஜை கிடையாது. விற்க ஒரு தோட்டா கிடையாது. கழுத்தில் பூட்ஸ் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் பேனா அளவு டார்ச் லைட், அவ்வளவுதான் அவன் போட்ட முதல்.

யாராவது ஒரு பழைய ரிவால்வரை எட்டாயிரம் டாலருக்கு வாங்கலாமா வேண்டாமா என்று தவித்தால் இவனிடம்தான் வருவார்கள். இவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவான். மேஜைக்காரனிடம் அனுமதி கேட்பான், ஏனென்றால் கேட்காமல் தொடுகிறவனை அந்தச் சந்தையில் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைப் புரட்டுவான். பிறகு மூக்கால் ஒரு சத்தம் விடுவான். அந்தச் சத்தத்திலேயே ஆயிரம் டாலர் போய்விடும். "மறுபூச்சு", அதாவது பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசியது என்றால் பாதி விலை போச்சு. "பிடி மாத்தினது" என்றால் இன்னும் ஐந்நூறு. விற்கிறவன் முகம் தொங்குவதைப் பார்த்தால்தான் இவனுக்குக் காலைச் சாப்பாடு இறங்கும்.

ஐம்பது வருஷத்தில் இவன் ஒரு பொருளைப் பார்த்து "சொன்ன விலை சரி" என்று சொன்னதை நான் கேட்டதில்லை. துப்பாக்கி மட்டும் என்றால் தொழில் என்று விட்டுவிடலாம். முப்பத்தொரு வருஷம் கேஸ் லாரி ஓட்டினான். வீடு வீடாகப் போய்த் தொட்டியை நிரப்பும்போது சன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவர்கள் அலமாரிக்கு விலை போடுவான். லுவான் என்று ஒரு நல்ல பெண் இவனைக் கட்டிக்கொண்டாள். அவள் தன் பாட்டியின் ஆடும் நாற்காலியைச் சீராகக் கொண்டுவந்தாள். வந்த அன்றைக்கே அதைக் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்து, "முன்னங்காலு ரெண்டும் புதுசு" என்றான். இரண்டு வருஷத்தில் அவள் போய்விட்டாள். புதுக் கால் நாற்காலியையும் தூக்கிக்கொண்டுதான் போனாள். எங்கள் சித்தப்பா செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரில் ஒருவனாக இவனையும் கூப்பிட்டார்கள். தூக்கும்போது என் காதில் சொல்கிறான்: "கைப்பிடி பித்தளை இல்ல வெர்டா. மேல்பூச்சு." சித்தி மூன்றடி தூரத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் கண் நல்ல கண். இப்போதெல்லாம் அவன் பார்த்துச் சொன்னது பொய்த்ததில்லை. ஆனால் கண் இப்படி ஆவதற்கு முன்னாலேயே வாய் ஆகிவிட்டது. அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி.

எங்கள் அப்பா ஏமஸ் பிக்கரல் ஊரில் விதையும் தீவனமும் விற்றார். அது அவருடைய அப்பா ஐசம் தொடங்கிய கடை. அப்பா அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு கதைதான் அவரிடம் இருந்தது, அதை வருஷத்துக்குப் பத்து தடவை சொல்வார். ஐசம் தாத்தாவுக்குக் கடையில் ஒரு ரிவால்வர் தேவைப்பட்டதாம். வெளியே விற்ற நீளக் குழல் துப்பாக்கிகள் அவர் கடையில் கட்டும் ஏப்ரன் பையில் நிற்காமல் கவிழ்ந்து விழுந்தனவாம். ஆகவே 1893இல் செயின்ட் லூயிஸில் ஒரு இரும்புக் கடைக்காரர் மூலம் துப்பாக்கிக் கம்பெனிக்கே எழுதி, நாலு அங்குலக் குழலோடு ஒன்று செய்து வரவழைத்தாராம். அந்த ரிவால்வர் எங்கள் சமையலறை இழுப்பறையில் துண்டில் சுற்றிக் கிடந்தது. பிடி விரிசல் விட்டுக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே எடுக்க அப்பா ஒரு பென்சிலால் குத்தித் தள்ளுவார். "இது வெர்டாவுக்கு" என்று அம்மாவிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தார்.

1979. நன்றித் திருநாள் விருந்து. லேலண்டுக்கு இருபத்தொன்பது வயது. பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்கிப் படித்திருந்தான். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அந்தக் கூத்து உச்சத்தில் இருந்த வருஷம். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிவந்திருந்தான், அவர்களும் துப்பாக்கி சேர்க்கிறவர்கள். வான்கோழி வெட்டுவதற்கு முன்னால் அப்பா ஆசையாகத் துண்டைப் பிரித்து ரிவால்வரை மேஜை மேல் வைத்தார். கதையைச் சொன்னார். கொஞ்சம் வெட்கத்தோடு, வழக்கத்தை விட நன்றாகவே சொன்னார்.

லேலண்ட் அதை ஒன்றரை நிமிஷம் பார்த்திருப்பான்.

"அப்பா, கம்பெனி மூணு அளவுலதான் குழல் பண்ணிச்சு. புஸ்தகத்துல இருக்கு. நாலு அங்குலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எவனோ ஒரு குடியானவன் ரம்பத்தால அறுத்திருக்கான்."

"எங்கப்பா எழுதிப் போட்டு வாங்கினது தம்பி."

"தாத்தா உங்ககிட்ட அளந்திருக்காரு. நீங்க எங்ககிட்ட அளக்கறீங்க. அறுத்த குழலுக்கு நூத்தம்பது குடுத்தா பெரிசு." சிநேகிதர்கள் பக்கம் திரும்பினான். "ரம்பத்தையும் சேத்துக் குடுத்தா இருநூறு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, வந்தவர்களில் ஒருவனுக்குப் பச்சைக் கண், அவன் சிரித்தான், அதனால் நானும் சிரித்தேன். அவன் பெயர்கூட இப்போது நினைவில்லை. அப்பா என்னைத்தான் பார்த்தார், லேலண்டை அல்ல. பிறகு துண்டைச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றார்.

அடுத்த வாரம் இழுப்பறை காலியாக இருந்தது. கேட்டதற்கு "வித்துட்டேன்" என்றார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். அந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஐசம் தாத்தாவின் பெயரையே எடுக்கவில்லை. அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்பது சும்மாவா?

இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியின் எண்ணை எழுதிக் கம்பெனிக்குக் கட்டணம் கட்டினால், பழைய பேரேடுகளைத் திறந்து, அது எந்தத் தேதியில், எந்த அளவில், யாருக்குப் போனது என்று கடிதம் தட்டி அனுப்புவார்கள். அன்றைக்கு ஒரு தபால் போட்டிருந்தால் முடிந்த காரியம். லேலண்ட் போடவில்லை. எதற்குப் போட வேண்டும், அவனுக்குத்தான் தெரியுமே! அந்த எண்ணைக்கூட அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

எண் எனக்குத் தெரியும். ஐசம் தாத்தா குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதிகளை எழுதி, அதற்குக் கீழே இரண்டு குதிரைகளின் பெயரை எழுதி, அதற்கும் கீழே ரிவால்வரின் எண்ணை எழுதியிருந்தார். யார் யாரை எந்த வரிசையில் நேசித்தார் என்று நான் ஆராயப் போவதில்லை. பைபிள் என்னிடம் வந்தது. பேரப்பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதுகிறவள் நான். நாற்பது வருஷத்தில் அந்த ஆறு இலக்கமும் மனப்பாடமாகிவிட்டது.

போன பிப்ரவரிச் சந்தையில், சனிக்கிழமை, ஆர்க்கன்சாக்காரன் டூலி வாட்கின்ஸின் மேஜைக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோனேன். டூலி நல்ல பையன், ஐம்பது வயதுப் பையன். கிண்ணத்தை வைக்க இடம் தேடும்போது கட்டையான ஒரு ரிவால்வர் கண்ணில் பட்டது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் கம்பெனிக் கடிதம். விலைச் சீட்டில் பதினோராயிரத்து ஐந்நூறு. கடிதத்தில் எண்ணைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். குழல் நாலு அங்குலம், அனுப்பியது 1893 மார்ச், செயின்ட் லூயிஸ் இரும்பு வியாபாரி ஒருவருக்கு, அந்தச் சரக்கில் இருந்தது இந்த ஒரே ஒரு துப்பாக்கி.

குழம்பு டூலியின் கம்பளியில் கொட்டியது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாருக்கும் குடுக்காத டூலி."

"சரிங்க வெர்டாம்மா. ஆனா ஜாப்லின்லேருந்து ஒருத்தர் காலைலேருந்து இதையே சுத்திச் சுத்தி வர்றாரு. மத்தியானத்துக்கு மேல என்னால தாங்காது."

பணம் இருந்தது. என் வீட்டுக்காரர் விட்டுப்போன மீன்பிடிப் படகு ஒன்று ஒன்பது வருஷமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, அதை அதற்கு முந்தின மாதம்தான் விற்றிருந்தேன். பன்னிரண்டாயிரம், ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கு அடியில். பணம் அல்ல என் கவலை. அந்தக் கடிதம் மெய்யா? போன வருஷம் ஒருத்தன் இதே கொட்டகைக்கு அதே மாதிரி கடிதத்தைக் கலர் பிரிண்டரில் அடித்துக் கொண்டுவந்து மாட்டினான். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன கண்டேன்? துப்பாக்கி எங்களுடையதுதான், சரி, குழல் அறுத்ததாகவே இருந்துவிட்டால்? அப்பா கதை கட்டினவராகவே இருந்துவிட்டால்? பிறகு பதினோராயிரத்து ஐந்நூறு கொடுத்து ஒரு பொய்யைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

அதைத் துப்பாக்கியைப் பார்த்தே சொல்லக்கூடிய கண் அந்தக் கொட்டகையில் ஒன்றுதான் இருந்தது. அது என் அண்ணனின் மூஞ்சியில் இருந்தது, என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவன் வாயாலேயே அது வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கெட்ட ஆசைதான். நாற்பத்தாறு வருஷமாக வைத்திருந்த ஆசை.

ஞாயிறு காலை சபைக்குப் போகவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பைபிளையும் ஃப்ரீசர் பணத்தையும் தலையணை உறையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே சந்தைக்குப் போனேன். டூலியிடம் கடிதத்தைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பிறகு லேலண்டிடம் போனேன்.

"லேலண்ட், ஒரு நிமிஷம் எழுந்து வா."

"ஏன், குழம்பு தீஞ்சுபோச்சா? வாசனையில வித்தியாசம் தெரியலியே."

"ஒரு ரிவால்வர் வாங்கலாமான்னு பாக்கணும்."

"நீயா? எதுக்கு? பீன்ஸ் வேகலன்னா சுடறதுக்கா?"

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் எழுந்து கூடவே வந்தார்கள். இவன் எழுந்தால் நாலு பேர் பின்னால் வருவது அங்கே வழக்கம். நாய் வண்டிக்குப் பின்னால் ஓடுமே, அந்த மாதிரி. ஜாப்லின்காரர் ஏற்கெனவே மேஜை ஓரத்தில் நின்றிருந்தார், சிவப்பு சஸ்பெண்டர் போட்ட பெரிய மனுஷன்.

லேலண்ட் விலைச் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். "டூலி, இது விலையா, உன் போன் நம்பரா?"

"நீங்க பாருங்க பெரியவரே. அப்புறம் பேசலாம்."

கையுறையை மாட்டினான். எடுத்தான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒட்டுநாடா போய், பிடியின் விரிசலை யாரோ பசை வைத்துச் சேர்த்திருந்தார்கள். ஒன்றரை நிமிஷம் பார்த்த பொருள் நாற்பத்தாறு வருஷம் கழித்து எப்படித் தெரியும்? துப்பாக்கியின் சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து அது விழும் சத்தத்தைக் கேட்டான். டார்ச்சைக் குழலின் வாய்க்குள் விட்டான். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் போனான். மூக்குச் சத்தம் வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவன் மூச்சே விடவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பினான்.

"குழலை அறுத்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இங்க பாரு. சுட்ட தோட்டாவ வெளிய தள்றதுக்கு மத்ததுல எல்லாம் ஒரு கம்பி இருக்கும். இதுல இல்ல. சரி, கழட்டிட்டான்னு வச்சுக்கோ. கம்பி உக்கார்ற துளை எங்க? அதுவும் இல்ல. துளையே போடாம ஆலைலேருந்து வந்த உடம்பு இது. அடுத்து, குழல் மேல கம்பெனி முகவரி. நீளக் குழல அறுத்திருந்தா எழுத்து வாய்ப்பக்கமா ஒதுங்கி நிக்கும். இது நட்ட நடுவுல நிக்குது. நாலு அங்குலம்னு தெரிஞ்சு, நாலு அங்குலத்துக்குன்னே அடிச்ச எழுத்து."

"அப்போ அறுத்தது இல்ல?"

"இத அறுத்ததுன்னு எவனாவது சொன்னா அவன் கண்ணப் பிடுங்கி உன் குழம்புல போடு. ருசியாவது வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"விலை?"

"பதினொண்ணரையா..." அவன் துப்பாக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தரலாம். தந்துட்டு, டூலி மனசு மாறறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்."

டூலிக்கு அழுகையே வந்துவிட்டது. லேலண்ட் வாயிலிருந்து 'தரலாம்' என்று வந்ததை அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டதில்லை. ஜாப்லின்காரரின் கை பின்பக்கப் பைக்குப் போனது. நான் தலையணை உறையிலிருந்து பைபிளை எடுத்து மேஜை மேல் திறந்தேன்.

"நம்பரப் படி லேலண்ட்."

துப்பாக்கியைக் கவிழ்த்துப் படித்தான். "ஒண்ணு, நாலு, எட்டு. ஆறு, ரெண்டு, ஏழு."

"இப்ப இத படி."

பிள்ளைகளையும் குதிரைகளையும் தாண்டி அவன் விரல் கீழே வந்தது. நின்றது. ஐசம் தாத்தாவின் கையெழுத்து எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியும்.

"அப்பாவோடது," என்றேன். "நீ ரம்பத்தையும் சேத்து விலை பேசினது. டூலி, அந்தக் கடுதாசியத் திருப்பு."

டூலி திருப்பி வைத்தான். லேலண்டின் காது இரண்டும் சிவந்தன. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அப்பா சொன்னது சரிதான். இரண்டு விநாடியில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவனை மன்னித்திருப்பேன். கர்த்தர் சாட்சி, அழுதுகூட இருப்பேன், ஒரு கிண்ணம் குழம்பும் ஓசியில் கொடுத்திருப்பேன்.

அவன் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தான். எட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

"இரு. வெளிச்சம் சரியா விழல." இரண்டே விநாடி. "எழுத்து கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கு. வாயில அரம் போட்ட கோடு தெரியுது. துளைய அடைச்சிருக்கான், கெட்டிக்காரத்தனமா அடைச்சிருக்கான். நானே ஏமாந்துட்டேன் பாரு. அறுத்ததுதான்."

"பெரியவரே!" டூலி எழுந்துவிட்டான். "இப்பத்தான் உங்க வாயால..."

"அப்பப் பாத்தது அப்ப. இப்பப் பாத்தது இப்ப."

"கம்பெனிக் கடுதாசி இருக்குங்க!"

"கடுதாசி எவன் வேணாலும் அடிப்பான். பிரிண்டர் என்ன விலை?" என்றான் சத்தமாக, பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கும்படி. "அறுத்த குழல்."

ஜாப்லின்காரரின் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காவது காலைத் தானே ஊருக்கு எண்ணிக் காட்டிவிட்டு, உடனே அதை ஒடித்துப் போடுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த எட்டுப் பேரை என்ன சொல்ல? ஒரே மனிதன் ஐந்து நிமிஷத்தில் இரண்டு விதமாகச் சொன்னதை இரண்டு காதாலும் கேட்டார்கள். கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். சொந்தக் கண் என்று ஒன்று அவர்கள் தலையில் எதற்கு இருக்கிறதோ.

டூலி உட்கார்ந்தான். என்னிடம் குனிந்து சொன்னான்:

"வெர்டாம்மா, மத்தியானத்துக்குள்ள இது கொட்டகை முழுக்கப் பரவிடும். அடுத்த மாசம் ஃபோர்ட் ஸ்மித் சந்தைக்கும் போயிடும். இனிமே இத எவனும் தொட மாட்டான். ஏழாயிரம் குடுங்க, எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுப் பொருள்தானே."

நான் ஒன்றும் தியாகி இல்லை. என் சமையலறைக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. நாலாயிரத்து ஐந்நூறில் கூரை போட்டுவிடலாம், மிச்சத்தில் ஒரு வாரம் டெக்சஸில் மகள் வீட்டுக்கும் போய் வரலாம். தலையணை உறைக்குள் விட்ட என் கை ஏழாயிரத்தைத்தான் தேடியது, மறைப்பானேன். பக்கத்தில் லேலண்ட் நிமிர்ந்து நின்றான். தங்கைக்கு நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம் பண்ணிக் கொடுத்த தோரணை.

"எடுத்துக்கோ," என்றான். "ஏழுகூட ஜாஸ்திதான். அப்பா ஞாபகத்துக்காகன்னா சரி."

அவன் வாயில் அப்பா என்ற சொல் வந்ததும் எனக்குக் கூரை மறந்துபோனது.

"டூலி, அறுத்த குழலுக்கு என்ன விலையோ எனக்குத் தெரியாது. நான் அத வாங்க வரல. எங்கப்பா சொன்ன துப்பாக்கிக்கு நீ சீட்டுல ஒரு விலை எழுதியிருக்க. அத நான் தர்றேன். ரசீதுல என்ன எழுதணும்னா, நாலு அங்குலம், ஆலைலேருந்து வந்தபடி. கொட்டையா எழுது."

"அம்மா, வேணாங்க..."

"எழுதுடா."

"பைத்தியமா உனக்கு?" என்றான் லேலண்ட். "நான் சொன்னதுக்கு அப்புறமுமா? உலகத்துல எவளாவது ஏழுக்குக் குடுக்கறேங்கறத பதினொண்ணரைக்கு வாங்குவாளா?"

"அன்னைக்கு நான் சிரிச்சேன்ல. அதுக்கும் சேத்துத்தான்."

அவனுக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்தச் சிரிப்பெல்லாம் அவனுக்கு நினைவிலேயே இல்லை. டூலி பணத்தை வாங்கும்போது ஐந்நூறைத் திரும்பத் தள்ளினான், நான் மறுபடி அவன் பக்கம் தள்ளினேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரசீது எழுதினான். அவ்வளவு பழைய துப்பாக்கிக்கு அரசாங்கத்துக் காகிதம் எதுவும் தேவையில்லை. நான் ரிவால்வரை என் ஏப்ரன் பைக்குள் விட்டேன். நின்றது. கவிழவில்லை. பையின் விளிம்புக்கு மேலே பிடி மட்டும் தெரிந்தது. கம்பெனிக்காரன் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

லேலண்டும் அதைப் பார்த்தான். கூடியிருந்தவர்கள் கலைந்து போனார்கள். அவன் மட்டும் போகவில்லை. கையுறைகளைக் கழற்றி மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கடைசியில், குரலைத் தாழ்த்தி, தொழில் விஷயம் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்:

"அப்பா... அன்னைக்கு இத எவ்வளவுக்கு வித்தாரு?"

நாற்பத்தாறு வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், அப்பா போன பிறகு.

"நூத்தம்பது," என்றேன். "பெட்ரோல் பங்க்ல ஒரு வெளியூர்க்காரன் முந்நூறு தர்றேன்னு நீட்டினானாம். அப்பா பாதியத் திருப்பிக் குடுத்துட்டாராம். 'என் பையன் பாத்துச் சொல்லிட்டான், நூத்தம்பதுக்கு மேல இது பெறாது'ன்னு."